அங்காதிபாதமும் சுகரணமும்

யாழ்ப்பாணத்தில் 1848இல் மருத்துவ வகுப்பைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்றோர் அரச பதவி நாடி ஊரைவிட்டகலவே, 1860களில் தமிழுக்கு மாறினார். கற்பிக்க நூல் வேண்டுமே! கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என 1872இல் தமிழில் வெளிவந்தது. மறுவருடம் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் மொழிபெயர்ப்பைக் கைவிட்டாரல்லர். 'மனுஷ சுகரணம்' 1883இல் வந்தது. வடமொழி மிக்க அப்பெயர்கள் நிலைக்கவில்லை. உடற்கூற்றியல், உடற்றொழிலியல் என்பனவே இன்றைய வழக்கு. அது பெரிதன்று. யாழ்ப்பாணத்தில் 1978இல் எழுந்த மருத்துவ பீடம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றது. உலக ஆய்வுகளை எட்ட அது வேண்டியதே. எனினும், இதய வால்வுகளை ஆங்கிலத்தில் பிழையற விளக்கும் மாணவன், “நெஞ்சுக்குள்ளை என்ன பிழை, தம்பி?” என மூதாட்டியொருத்தி வினவுங்கால் சொல் தேடித் தடுமாறுவதுண்டு.