துணிவு

பங்கு இல்லத் தாழ்வாரத்தில் மாலை வேளைகளில் பள்ளி மாணவர் சிலருக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களுள் ஒரு மாணவி தன் தேர்வுத் தாளைக் கொணர்ந்து காட்டினாள். செய்யுள், இலக்கணம், கட்டுரை எல்லாம் நிறைவாக எழுதியிருந்தாள். பாடநூலில் இல்லாத ஓர் உரைப்பகுதியைக் கொடுத்து வினாக்கள் கேட்டிருந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "ஏனம்மா எழுதவில்லை?" என்றேன். "அது நீங்க நடத்தாத பாடம், ஃபாதர்" என்றாள்.

அந்த விடை இரவு நெடுநேரம் என்னை உறங்கவிடவில்லை. குற்றம் அவளுடையதன்று. எதைக் கற்பித்தாலும் முதலில் பொருளைச் சொல்லிவிட்டுப் பின்னரே படிக்கச் செய்வது என் வழக்கம். என் வாயைப் பார்க்கப் பழகிய பிள்ளைகள் ஏட்டைப் பார்க்கப் பழகவில்லை.

கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் பேராசிரியர், ஆசிரியர் பெயரை நீக்கிவிட்டுக் கவிதைகளை மாணவர் கையில் கொடுத்துக் கருத்தெழுதச் சொன்னார். தேர்ந்த மாணவரும் தடுமாறியதை 1929-இல் நூலாகவே வெளியிட்டார். தெரிந்த பெயர் மறைந்ததும் துணிவும் மறைந்துவிடுகிறது.

துணிவு என்னும் இச்சொல் என்னை நன்னூலிடம் அழைத்துச் சென்றது. உரையின் கூறுகள் 14 என்கிறார் பவணந்தியார். சொற்பொருள், வினா, விடை ஆகியவற்றோடு துணிவும் அவற்றுள் ஒன்று. ஐயம் எழும் இடத்தில் 'இதுவே பொருள்' என உறுதி செய்வதே அத்துணிவு. அந்த வரிசையில் வினாவும் விடையும் முன்னே வருகின்றன. துணிவு பின்னே வருகிறது. நானோ வினா எழும் முன்னரே பிள்ளைகளிடம் துணிவை எதிர்பார்த்திருந்தேன்.

அன்றுமுதல் முறையை மாற்றினேன். யார், யாரிடம் பேசுகிறார்? எந்தச் சொல் மீண்டும் வருகிறது? சொல்லாமல் விடப்பட்டது எது? இம்மூன்று கேள்விகளே பாடம். விடை சொல்பவர் அதற்குச் சான்றான சொல்லின்மீது விரல் வைத்துக் காட்ட வேண்டும். நானும் முன்பே படித்திராத பகுதியைத்தான் எடுக்க வேண்டும் என்று உறுதி செய்துகொண்டேன்.

ஒருநாள் ஒரு சிறுவன் நிலக்கடலை மடித்து வந்த தாளையே கொண்டுவந்தான். ஏதோ ஒரு கதையின் நடுப்பக்கம். தலைப்பும் இல்லை, முடிவும் இல்லை. ஒரு மூதாட்டி இரவு நேரத்தில் ஓர் இளைஞனுக்குச் சோறு பரிமாறுகிறாள். மழை வருமென்று கவலைப்படுகிறாள். வாசித்து முடித்ததும் பழைய வழக்கம் என்னை வென்றது. "மகனைப் பிரியும் தாயின் துயரம்" என்று சொல்லிவிட்டேன்.

சிறிது நேரம் அமைதி. பின்பு அந்த மாணவி தயங்கித் தயங்கி, "இல்ல ஃபாதர்" என்றாள். எல்லாரும் அவளைப் பார்த்தனர். தாளை வாங்கி விரலை வைத்தாள். "இங்க 'சாப்பிடுங்கள்'னு சொல்றாங்க. பெத்த பிள்ளைகிட்ட அப்படிப் பேசுவாங்களா? கை கழுவ எங்க போகணும்னு அவர் கேக்கிறார். சொந்த வீடுன்னா தெரியாதா?"

மற்றொருவன், "பல வருசம் கழிச்சு வந்த மகனா இருக்கலாமே" என்றான். அவனும் சான்று தேடினான், கிடைக்கவில்லை. நானும் தேடினேன், எனக்கும் கிடைக்கவில்லை. "நான் பார்க்கத் தவறியதை நீ பார்த்துவிட்டாயம்மா" என்றேன். நான் தவறியதைக் கண்ட பிறகுதான், ஒருநாளும் வாய் திறவாத சிலர் கை உயர்த்தத் தொடங்கினர். ஆசிரியரும் பிழைபடலாம் என்றால் தாமும் முயன்று பார்க்கலாம் அல்லவா?

அடுத்த தேர்வில் அவள் உரைப்பகுதி வினாக்கள் அனைத்துக்கும் எழுதியிருந்தாள். ஒரு விடை தவறு. அதைத்தான் இருமுறை படித்தேன். அந்தத் தவறான விடைக்கும் பகுதியிலிருந்து ஒரு சொல்லைச் சான்று காட்டியிருந்தாள்.