இரண்டாவது ஆள்

காளாஸ்திரி நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகள் பெரும்பாலும் மண்ணைப் பற்றியவை: வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கோயில் கடைவீதியில் வாடகை பாக்கி, திரும்பி வந்த காசோலை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் வழக்குரைஞராகத் தொழில் நடத்திய எனக்குக் கடல் சம்பந்தப்பட்ட வழக்கு என்று வந்தது ஒன்றுதான். சட்டம் எவ்வளவு நியாயமாக எழுதப்பட்டிருந்தாலும், தன் முன் நிற்பவனிடம் 'நீ யார்?' என்று ஒரே ஒரு விடை கேட்கும் என்பதை எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டிய வழக்கு வேறில்லை.

எதிர்க்கட்சிக்காரர் கலம்காரித் துணி வியாபாரி. வீட்டில் தமிழும் கடையில் தெலுங்கும் பேசும் பழைய குடும்பம். சென்னையில் படித்த நாளில் பாய்ப்படகு ஓட்டப் பழகியவர், கையில் பணம் சேர்ந்ததும் இருபத்து நாலடி நீளத்தில் பழைய யாட் ஒன்றை வாங்கி அங்கேயே நிறுத்தியிருந்தார். என் கட்சிக்காரன் பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குடும்பத்துப் பையன், வயது இருபத்தைந்து. வியாபாரியின் துணிக்கடைக் கிடங்கில் வேலை என்று காளாஸ்திரிக்கு வந்தவன். ஆனால் துணி மடித்த நாளைவிடப் படகில் கழித்த நாளே அதிகம். கிழக்குக் கரையோரமாக நடக்கவிருந்த ஒரு பந்தயத்தில், படகுக்கு இருவர் மட்டுமே என்ற பிரிவில், இந்த இருவரும் பெயர் கொடுத்திருந்தார்கள்.

இருவர் ஓட்டும் படகைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது என்றால் என்ன என்பதை வழக்குக்காகத்தான் கற்றுக்கொண்டேன். ஐந்து பேர் படகில் ஒருவர் தவறி விழுந்தால் தேட நால்வர் உண்டு; இருவர் படகில் ஒருவர் விழுந்த கணமே மற்றவர் தனி ஆள். சுக்கான், பாய், ரேடியோ, விழுந்தவரைக் கண்ணால் விடாமல் பிடித்திருப்பது, எல்லாம் அவர் ஒருவர் தலையில். ஆகவே தயாரிப்பின் பெரும்பகுதி யாரும் விழாமலிருக்கத்தான்: முன்முனையிலிருந்து பின்முனை வரை மேல்தளத்தில் இழுத்துக் கட்டிய பட்டை, அதில் மாட்டிக்கொள்ளும் இடுப்பு வார், காற்று மிஞ்சினால் ஒருவரே பாயைக் குறுக்கும்படி கயிறுகளை இருக்கைக்கே கொண்டுவரும் ஏற்பாடு. ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும். நம் கரையிலோ இரவில் விளக்கில்லாத கட்டுமரமும் மிதக்கும் வலையும் எங்கு வேண்டுமானாலும் எதிர்ப்படும். வலை எங்கே விரிந்திருக்கும், வாடைக்காற்றில் நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளும் என்பதெல்லாம் பையனுக்குத் தந்தை வழி வந்த அறிவு. வியாபாரி அவனைச் சேர்த்துக்கொண்டது அதற்காகத்தான். அதை அவர் ஒருநாளும் மறுக்கவில்லை.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கையில், பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களில் இழை ஏதும் அறுந்திருக்கிறதா என்று பார்க்கப் பையன் தொங்கு இருக்கையில் ஏறினான். கீழே நின்று, கயிறு இழுக்கும் விஞ்சைச் சுழற்றியவர் வியாபாரி. இப்படி ஏறும்போது இரண்டு கயிறுகளில் தொங்க வேண்டும் என்பதும், ஸ்பிரிங் கொக்கியை நம்பாமல் கயிற்றையே முடிச்சிட வேண்டும் என்பதும் கைப்பழக்கமுள்ளவர்கள் சொல்லும் முறை. அன்று ஒரே கயிறு, அதுவும் கொக்கியில். கொக்கி திறந்துகொண்டது. பையனின் குதிகால் எலும்பு நொறுங்கியது; மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடியது. முப்பது சதவீதம் சம்பாதிக்கும் திறன் போய்விட்டது என்று மருத்துவர் சான்று தந்தார்.

அப்போது நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் மனுச் செய்தேன். இந்தச் சட்டத்தின் பெருந்தன்மை என்னவென்றால், முதலாளி தவறு செய்தார் என்று காட்ட வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டது என்று காட்டினால் போதும். கொக்கி யார் மாட்டியது என்ற சண்டையே எழாது. அதற்குப் பதிலாகச் சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: நீ தொழிலாளியா? தொழிலாளர் துறை அதிகாரியே ஆணையராக அமர்ந்து விசாரிக்கும் அந்த அறையில், மாதக்கணக்கில் நாங்கள் பேசியது இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

முதல் ஆட்சேபம் எல்லை பற்றியது. விபத்து சென்னையில், அதுவும் தண்ணீரின் மேல். இது சென்னை உயர் நீதிமன்றத்தின் கடல்சார் அதிகாரத்துக்கு உரியது என்றார் எதிர்த்தரப்பு வழக்குரைஞர். 1954-இல் ஆந்திரத்துக்கென உயர் நீதிமன்றம் அமையும்வரை எங்கள் ஊர் அன்றிருந்த சித்தூர் மாவட்டமே சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் இருந்தது என்பதால், அந்தப் பெயருக்கு எங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு கனம் உண்டு. ஆனால் கப்பலைச் சிறைபிடிக்கும் அதிகாரம் ஆந்திர உயர் நீதிமன்றத்துக்கும் உண்டு என்று 'எம்.வி. எலிசபெத்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 1992-லேயே தீர்த்துவிட்டது. அதைவிட முக்கியம், நாங்கள் எந்தப் படகையும் சிறைபிடிக்கக் கேட்கவில்லை. அடிபட்டவன் தான் வசிக்கும் இடத்து ஆணையரிடமே மனுச் செய்யலாம் என்று 1995-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. நொண்டிக்கொண்டு ரயிலேற வேண்டியவன் யார் என்று யோசித்தவர்கள் எழுதிய திருத்தம் அது. ஆட்சேபம் நிற்கவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. படகு வியாபாரியின் தொழில் அல்ல, பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்கு அவ்வப்போது ஒத்தாசை செய்தவன் தொழிலாளியாக மாட்டான் என்றார்கள். சில ஆண்டுகள் முன்னால் இந்த வழக்கு வந்திருந்தால் நான் அங்கேயே தோற்றிருப்பேன். முதலாளியின் தொழிலுக்காக அல்லாமல் தற்காலிகமாக வேலை செய்தவரைத் தொழிலாளி என்ற வரையறையிலிருந்தே பழைய சட்டம் விலக்கி வைத்திருந்தது. அந்த விலக்கை நீக்கிய திருத்தம் 2000 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பாயின் பலத்தால் மட்டுமே செல்லக்கூடிய கடற்கலத்தில் வேலை செய்பவரும் சட்டத்தின் அட்டவணையில் இருந்தார். அதே குதிகால், அதே கொக்கி. தேதி மட்டும் முன்னால் போயிருந்தால் அவனுக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது ஆயுதம் பந்தய நுழைவுப் படிவம். அதில் இரண்டு வாசகங்கள். ஒன்று, பந்தயத்துக்கு முன்போ, பந்தயத்தின்போதோ, பின்போ ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் கலந்துகொள்பவரே பொறுப்பு. மற்றொன்று, படகிலுள்ள இருவரும் ஊதியம் பெறாத பொழுதுபோக்கு ஓட்டுநர்கள். இரண்டின் கீழும் பையனின் கையெழுத்து. ஆங்கிலம் புரியாமல் போட்டான் என்று வாதாடியிருக்கலாம். படிக்காமல் போட்ட கையெழுத்தும் கையெழுத்துதான் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

எதிர்த்தரப்பு இங்கே ஒரு பழைய பிரிட்டிஷ் தீர்ப்பை எடுத்து வைத்தது. ஒப்பந்தச் சட்டம் படித்தவர்களுக்கு அறிமுகமான 'கிளார்க் எதிர் டன்ரேவன்'. 1894 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கிளைட் கழிமுகத்துப் பந்தயத்தில், சிறு படகொன்றுக்கு விலகப்போன 'சாடனிட்டா' என்ற யாட், டன்ரேவன் பிரபுவின் 'வால்கைரி'யில் மோதி அதை மூழ்கடித்தது. கப்பல் சட்டப்படி டன்னுக்கு 8 பவுன் வீதம், மொத்தம் 952 பவுனோடு என் பொறுப்பு முடிந்தது என்றார் சாடனிட்டாவின் உரிமையாளர். பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. விதிகளுக்குக் கட்டுப்படுவதாகக் கிளப்புக்கு எழுதிக் கொடுத்தபோதே போட்டியாளர்கள் ஒருவரோடொருவர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். விதி 'எல்லா நஷ்டமும்' என்கிறது. ஆகவே எல்லா நஷ்டத்தையும் கொடு என்றது. பந்தயப் படிவம் வெறும் சடங்கல்ல, அது ஒப்பந்தம். ஆகவே பையனையும் கட்டுப்படுத்தும் என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

நல்ல வாதம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு ஒப்பந்தத்தைக் கொண்டு பொறுப்பைப் பெருக்கியது. இவர்கள் அதைக்கொண்டு பொறுப்பைத் துடைக்கப் பார்த்தார்கள். அதுமட்டுமல்ல, அந்த ஒப்பந்தம் இரண்டு உரிமையாளர்களுக்கு இடையிலானது. வால்கைரியின் மாலுமி ஒருவர் அந்த மோதலில் அடிபட்டு இறந்தார். நாங்கள் படித்த பாடநூல்களில் யாட்டின் விலை உண்டு, அவர் இல்லை. பந்தய விதிகளின் மொழியே அப்படி: போட்டியிடுவதா, தொடர்வதா என்ற முடிவு படகுக்கே உரியது என்கின்றன, படகு ஒரு தனி ஆள் போல. அந்தப் படகுக்குள் சம்பளம் கொடுப்பவர் ஒருவரும் வாங்குபவர் ஒருவரும் இருந்தால், முடிவு யாருடையது? நம் சட்டம் இதற்கு விடை வைத்திருந்தது. இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றது இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அவன் தொழிலாளியானால் அந்தப் படிவத்தின் முதல் வாசகம் வெறும் காகிதம்.

ஆனால், தொழிலாளியானால். வியாபாரி சாட்சிக் கூண்டில் சொன்னது உருக்கமாகவே இருந்தது: அவன் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான், ஒரே இலையில் சாப்பிட்டிருக்கிறோம், கடைச் சம்பளம் கடைக்கு, படகு எங்கள் சிநேகத்துக்கு. தமிழில் அவர் சொன்னது தெலுங்கில் பதிவாயிற்று. பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் உணர்ச்சியைத் தொடாமல் கணக்குப் புத்தகத்தைக் கேட்டேன். மாதம் 3,000 ரூபாய், கிடங்கு உதவியாளர் சம்பளம் என்று வருமான வரிக்குக் காட்டிய செலவு. விபத்து நடந்த மாத வருகைப் பதிவேட்டில், பையன் சென்னையில் படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த வேலை நாட்களெல்லாம் 'வந்தார்' என்று இருந்தது. கிடங்கில் இல்லாதவனுக்கு எந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதிலில்லை.

அடுத்த வாய்தாவுக்கு முன்பே சமாதானப் பேச்சு வந்தது. மனுவைத் திரும்பப் பெற்றால் ஒன்றரை லட்சம், நான்கு தவணையில், 'நண்பருக்கு மருத்துவ உதவி' என்ற பெயரில். சட்டப்படி வருவதைவிட அது கூடுதல். இருபத்தைந்து வயதுக்குரிய காரணி 216.91, சம்பளத்தில் அறுபது சதவீதமான 1,800-ஐ அதனால் பெருக்கி, அதில் முப்பது சதவீதம் எடுத்தால் 1,17,131 ரூபாய். வட்டி தனி. அப்புறம் ஏன் யோசனை என்றால், இப்படிப்பட்ட உடன்பாட்டை ஆணையர் பதிவு செய்தால்தான் அதற்குப் பலம். தொகை போதாதென்றால் அவர் மறுக்கவும் முடியும். ஆனால் 'நண்பர்' என்று எழுதிய தாளைப் பதிவு செய்ய அவருக்கு அதிகாரமே கிடையாது. பதிவில்லாத தவணை என்பது கொடுப்பவரின் மனசு. மறுபக்கம், தொழிலாளி என்று உத்தரவில் ஏறிவிட்டால் படிவத்தின் இரண்டாவது வாசகம் பொய்யாகும். ஊதியம் பெறாதவர்களுக்கான பந்தயத்தில் அவனுக்கு இனி இடமில்லை.

பையன் ஒன்றரை லட்சத்தின் பக்கம் சாய்ந்தான், பணத்துக்காக அல்ல. "கால் சரியானதும் மறுபடி ஓட்டுவேன் சார். கூலின்னு எழுதிட்டா யாரு சேத்துக்குவா?" என்றான். அவன் தாய் வேறு கேள்வி கேட்டார்: "மூணாவது தவணை வரலேன்னா யாருகிட்ட போய் நிக்கிறது ஐயா?" தாயின் கேள்விக்குத்தான் சட்டத்தில் பதில் இருந்தது. உத்தரவை வாங்கிக்கொள் தம்பி என்றேன். தொகையும் பன்னிரண்டு சதவீத வட்டியும் ஆணையரிடம் கட்டப்பட்டு அவன் கைக்கு வந்தது. மறு ஆண்டு வியாபாரி வேறொருவரோடு அதே பந்தயத்துக்குப் போனார். பையனை எந்தப் படகும் கூப்பிடவில்லை. ஊருக்குத் திரும்பி வலை வியாபாரத்தில் உட்கார்ந்தான்.

என் ஆலோசனை சரியானது. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனாலும் அவன் இரண்டுமாக இருந்தான் என்பது எனக்குத் தெரியும்: பகலில் சம்பளத்துக்குப் படகைச் சுரண்டியவனும், காற்றடித்தால் அந்தப் படகை யாரையும்விட நன்றாக ஓட்டக்கூடியவனும் ஒருவனே. ஊதியமற்றோர் விதி பணக்காரர்கள் வெற்றியை விலைக்கு வாங்காமலிருக்க வந்தது. இழப்பீட்டுச் சட்டம் ஏழை கைவிடப்படாமலிருக்க வந்தது. இரண்டும் நல்ல விதிகள். இரண்டும் சேர்ந்து அவனைப் பாதியாக்கின. சம்பள ஆள் இருந்தால் அறிவித்துவிட்டு ஓட்டலாம் என்று அந்தப் பந்தயம் ஒரு பிரிவு வைத்திருந்தாலோ, அவன் பெயரில் ஒரு விபத்துக் காப்பீட்டை வியாபாரி எடுத்திருந்தாலோ அவன் எதையும் இழந்திருக்க வேண்டாம். அதன் பிரீமியம், அவர்கள் அந்த மாதம் வாங்கிய கயிற்றின் விலைக்கு மேல் போயிருக்காது.

'சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன்' என்ற உறுதிமொழிகள் நோட்டரி முத்திரைக்காக என்னிடம் இப்போதும் வருகின்றன. எருதுப் பந்தயம், மலையேற்றம், மோட்டார் சைக்கிள் ஓட்டம், எதுவாக இருந்தாலும் வாசகம் ஒன்றுதான். முத்திரை வைக்குமுன் இரண்டு கேள்வி கேட்கிறேன்: இதில் சம்பளம் வாங்குபவர் யார், அவருக்குக் காப்பீடு உண்டா? சிலர் எரிச்சலோடு வேறு நோட்டரியிடம் போகிறார்கள். ஒன்றிரண்டு பேர் மறுநாள் பாலிசியோடு திரும்பி வருகிறார்கள்.