கதிர்காமத்துக்கு மூட்டை கட்டுதல்

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவதென்று சங்கற்பம் செய்துகொண்டவன், கால்களைப் பழக்குவதும் மச்சமாமிசத்தை விலக்குவதுமே ஆயத்தம் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. சித்திரை வெயிலில் மணல் ஒழுங்கைகளிலே வெறுங்காலோடு நடந்து, உள்ளங்கால் கொப்புளித்துக் காய்த்துப்போனதைக் கண்டு, ஆயத்தம் பூர்த்தியாயிற்று என்றே நானும் திருப்தியடைந்திருந்தேன்.

தொண்டைமானாற்றங்கரையிலே செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் வேலாயுதத்தை முன்னிட்டுப் புறப்பட்டு, வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தையிலே காட்டுக்குள் புகுந்து, ஆடிவேல் விழாவுக்குக் கதிர்காமம் சேரும் அந்த வழி 500 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. நடைக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் செல்லும். யாழ்ப்பாணத்து ஞானியாகிய யோக சுவாமிகள் 1910 இல் கால்நடையாகக் கதிர்காமம் போய்வந்ததை எங்கள் பக்கத்தில் இன்றும் பக்தியோடு சொல்வார்கள்.

பலமுறை அந்த வழி போய்வந்த முதியவர் ஒருவர், புறப்பாட்டுக்குச் சில நாள் முன்னதாக வந்து, நான் கட்டி வைத்திருந்த மூட்டையைத் திண்ணையிலே அவிழ்த்துப் பரப்பினார். சட்டைகள், தைலப் போத்தல்கள், தலையணை, பிஸ்கட் பெட்டி ஆகிய யாவற்றையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, இரண்டு வேட்டி, ஒரு போர்வை, ஒரு செம்பு இவற்றை மாத்திரம் என் பக்கமாக நகர்த்தி, "உகந்தை மட்டும் இவ்வளவும் காணும், சாமி. பசிச்சால் வாசலிலை நிண்டு கேளுங்கோ" என்றார்.

மூட்டை இளைத்தது, மனம் கனத்தது. சந்நிதியில் அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தும், மடத்திலே அகப்பை பிடித்துப் பரிமாறியும் பழகிய கிருகஸ்தனுக்கு, முன்பின் அறியாத ஒருவருடைய வாசலில் நின்று அன்னம் கேட்பது எத்துணை கடினம் என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. முதியவர் அதையும் அறிந்தவர் போலும். அடுத்த வெள்ளிக்கிழமை என்னை மடத்துக்கு அழைத்துப்போய், பரிமாற விடாமல் பந்தியிலே உட்கார வைத்தார். சோற்றுக் கடகத்தோடு வந்த இளைஞன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இலையில் இடம் இருக்கிறதா என்று மாத்திரம் பார்த்து, இட்டுவிட்டு நகர்ந்தான். கொடுக்கிறவன் பாராத தராதரத்தை, வாங்குகிறவனாகிய நானல்லவா தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்!

ஆயினும் யாசகமே யாத்திரையின் முழுத் தர்மம் என்று கொள்வதற்கில்லை. உகந்தைக்கு அப்பால் கூமுனை, கும்புக்கன் ஓயா, நாவலடி, வியாழை என்று யானையும் கரடியும் திரியும் வனத்திலே நாட்கணக்கில் நடக்க வேண்டியிருக்க, வாசல் என்று சொல்ல ஒரு குடிசையும் அங்கே இராது. வற்றிய ஆற்று மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுக்கவும் நேரலாம். அங்கே தன் அரிசியைத் தான் சுமவாதவன், பக்கத்தில் நடப்பவனுடைய பிடியரிசியில் பங்கு கொள்கிறவனாவான். ஆகவே அரிசி, பருப்பு, உப்பு, பனங்கட்டி, மல்லிக் கோப்பி, நெருப்புப்பெட்டி, தண்ணீர்க்கான் இவற்றைக் காட்டு வாசலிலே சேகரித்துக்கொள்ள வேண்டும். "எண்ணி எடுக்காதையுங்கோ, ஒரு ஆளுக்குக் கூடவா எடுங்கோ, ஆரும் இல்லாமல் வருவினம்" என்பது முதியவருடைய கட்டளை.

வீடு இருக்குமிடத்தில் கேட்பதற்கும், இல்லாத இடத்தில் பிறருக்கும் சேர்த்துச் சுமப்பதற்கும் கற்பதே இந்த ஆயத்தத்தின் சாரம் என்று தோன்றுகிறது. ஊரிலே நாம் ஒழுகுவது இதற்கு நேர்மாறு. சுற்றமும் அயலும் சூழ்ந்திருக்கையில் ஒருவரிடமும் ஒன்றும் வேண்டோம் என்று நிமிர்ந்து நடப்போம். துணையற்ற இடத்திலோ அடுத்தவன் சுமையை நம்பியிருப்போம். இதை வழியிலேயே கற்றுக்கொள்ள வேண்டும்; ஏனெனில், கதிர்காமத்திலே திரையைத்தான் காணலாம், திருவுருவம் காட்டப்படுவதில்லை. பூசகராகிய கப்புறாளை வாயைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னே பூசை செய்வார். விக்கிரகத்தைக் கண்குளிரக் காணும் ஆசையோடு செல்பவன் அங்கே ஏமாந்துபோவான். வழிநெடுக அன்னமிட்டவர்களையும், தன் மூட்டையிலிருந்து உண்டவர்களையும் நன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறவனுக்கோ, திரை விலகவில்லையே என்ற குறை எழ நியாயமில்லை.