பாடசாலைத் தொட்டியும் நாங்கள் நட்ட 250 கண்ணாவும்



போன கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வந்த பலர் எங்கள் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சேர், மீன் தொட்டிக்குள்ள கண்ணா மரம் நிக்குது?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். தொட்டி செய்த கதையோடு, நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு விசயமும் இதில் இருக்கிறது.

முதலில் அந்த விசயம்.

2023 யூலை 26, சர்வதேச கண்டல் தினம். புத்தகத்தில் கண்டல், நமது வாயில் கண்ணா. அன்று பிள்ளைகளும் ஊர் இளைஞர்களும் சேர்ந்து வாவிக்கரையில் 250 கண்ணா நாற்று நட்டோம். நான்தான் முன்னுக்கு நின்றேன். மரம் நடுவது ஸதகா என்று இரண்டு வார்த்தை பேசவும் செய்தேன். அன்றிரவே படங்களைப் போட்டேன். ஐந்நூறுக்கு மேல் லைக், நிறைய துஆ. அந்தப் பதிவு இன்னும் என் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த வருடம் தை மாதம், மழை விட்ட பிறகு, ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஒரு நாற்றும் இல்லை. நாங்கள் ஊன்றிய மூங்கில் கம்புகள் சில சாய்ந்து கிடந்தன. அவற்றில் பொலித்தீன் சிக்கியிருந்தது. அந்தப் படத்தை நான் எடுக்கவும் இல்லை, போடவும் இல்லை.

போன வருடம் தரம் 8 வகுப்பில் சூழல் பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை எழும்பி, "சேர், நாம ஆறாம் ஆண்டுல நட்ட கண்ணா இப்ப எவ்வளவு உயரம்?" என்று கேட்டாள். "பார்ப்பம் மகள்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை மாற்றினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அவை ஏன் செத்தன என்பது எனக்கே தெரியாது. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள் நான். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தத் தொட்டி.

தொட்டியைத் தந்தவர் பழைய மாணவர் ஒருவர். 3 அடி நீளம், 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம். ஒரு மூலையில் ஒழுக்கு இருந்தது. சிலிக்கோன் பூசி, இரண்டு நாள் காயவிட்டு, வெயில் வரும் யன்னலோரம் வைத்தோம். அடியில் இரண்டு அங்குலம் வாவிச் சேறு, அதன்மேல் ஒரு அங்குலம் கழுவிய மணல், அங்கங்கே மட்டிக் கோது. சேற்றை அதற்கு மேல் தடிப்பாகப் போடவில்லை. கிண்டினால் அழுகின முட்டை மணம் வருகிறதே, அந்த வாயு தொட்டிக்குள் தேங்கினால் மீனுக்கு ஆபத்து.

இனித் தண்ணீர். கடல் தண்ணீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். 20 லீற்றர் கடல் தண்ணீரோடு 40 லீற்றர் கிணற்றுத் தண்ணீர் கலந்தோம். லீற்றருக்கு 12 கிராம் அளவில் வந்தது. தொட்டி அரைவாசிக்கு நிறைந்தது. மீதி அரைவாசி இலைக்கும் காற்றுக்கும். நீரமானியை மிதக்கவிட்டு, அது நின்ற மட்டத்தை ஒரு பிள்ளை சிவப்புப் பேனையால் அடையாளம் போட்டாள். குசினி உப்பைப் போட்டால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். கடல் தண்ணீரில் சோடியம் குளோரைட்டு மட்டும் இல்லை, மக்னீசியம், கல்சியம் எல்லாம் இருக்கிறது. அவை மரத்துக்கும் வேண்டும், மீனுக்கும் வேண்டும். கடல் நமக்குப் பக்கத்தில்தானே, ஒரு கான் எடுத்துக்கொண்டு போனால் சரி. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வையுங்கள்.

வாவியில் மிதந்து ஒதுங்கிய கண்ணா விதை எட்டு பொறுக்கி வந்தோம். விதை என்று சொன்னாலும் அது தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிட்ட நாற்று, முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கும். கூரான பக்கம்தான் சேற்றுக்குள் போகவேண்டும். இரண்டு பிள்ளைகள் தலைகீழாக ஊன்றிவிட்டார்கள். சிரித்துவிட்டுத் திருப்பி நட்டோம். 2023 இல் இப்படி எத்தனையைத் தலைகீழாக நட்டோமோ.

பிறகு பிழைகள். மூன்று.

முதலாவது அவசரம். தண்ணீர் தெளிந்த மறுநாளே ஆறு மணலைக் குஞ்சு விட்டோம். ஐந்து நாளில் ஆறும் மிதந்தன. மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியா ஒரு தொட்டியில் பெருக நாலைந்து கிழமை எடுக்கும். இதை நான் கரும்பலகையில் எத்தனையோ தரம் அம்புக்குறி போட்டுப் படிப்பித்திருக்கிறேன். ஆனால் செய்யும்போது மறந்துவிட்டேன். பிறகு ஒரு இறால் தலையைப் போட்டு அழுகவிட்டு, ஐந்து கிழமை மீனில்லாமலே காத்திருந்தோம். இரண்டாம் முறை விட்ட குஞ்சுகள் பிழைத்தன.

இரண்டாவது, தண்ணீர் வற்றியது. கச்சான் காற்றுக் காலத்தில் கிழமைக்கு 4 லீற்றர் குறைந்தது. பிள்ளைகள் அதே உப்புக் கலவையை ஊற்றி நிரப்பினார்கள். பத்துக் கிழமைக்குப் பிறகு பார்த்தால் நீரமானி சிவப்புக் கோட்டை விட்டு நன்றாக மேலே எழும்பி நிற்கிறது. வகுப்பிலேயே கணக்குப் போட்டோம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. கிழமைக்கு 48 கிராம் வீதம் பத்துக் கிழமையில் 480 கிராம் சேர்ந்துவிட்டது. 60 லீற்றருக்குப் பிரித்தால் லீற்றருக்கு 8 கிராம். 12 ஆக இருந்தது 20 ஆகிவிட்டது. வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும். "அப்ப கச்சான் காலத்துல ஆறும் இப்பிடித்தான் உப்பாகுமா சேர்?" என்று ஒருவன் கேட்டான். ஆம், அப்படித்தான். ஆற்றில் வற்றியதைத் திரும்பி நிரப்புவது மாரி மழை.

மூன்றாவது பிழைதான் எனக்குப் பதில் தந்தது. தவணை விடுமுறைக்கு முதல் நாள், தொட்டி வற்றிப் போகுமே என்ற நல்ல எண்ணத்தில் ஒரு பிள்ளை விளிம்பு வரைக்கும் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிவிட்டுப் போயிருக்கிறான். மூன்று கிழமை கழித்து வந்து பார்த்தோம். உப்பு பாதியாகியும் மணலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாவி மீன் அப்படிப்பட்ட மாற்றத்துக்குப் பழகினது. ஆனால் எட்டு நாற்றில் ஐந்து செத்துவிட்டன. குருத்து கறுத்து, இலை உதிர்ந்து கிடந்தது. தண்ணீருக்கு மேலே தலை நீட்டி நின்ற மூன்று நெட்டை நாற்றுகள் மட்டும் தப்பின.

கண்ணா தண்ணீரில் வளரும் மரம் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அது தண்ணீரோரம் மூச்சு விட்டுக்கொண்டு வளரும் மரம். சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லை. அதனால் தண்டிலும் வெளியே நிற்கும் வேரிலும் உள்ள நுண் துவாரங்களால் காற்றை எடுத்து அடிக்கு அனுப்புகிறது. தண்ணீர் வந்து போனால் அதற்குச் சந்தோசம். கிழமைக்கணக்காக மூடி நின்றால் மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

தொட்டிக்கு முன்னால் நின்றபடியே 2023 எனக்கு விளங்கியது. யூலை 26 உலகத்துக்குப் பொதுவான நாள். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு அது கச்சான் காலம், தண்ணீர் மிகவும் இறங்கிக் கிடக்கும் நேரம். அன்று தண்ணீர் நின்ற ஓரத்தில்தான் நாங்கள் நட்டோம். சேறு மென்மையாக இருந்தது, படத்துக்கும் வடிவாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை வந்து, முகத்துவாரம் திறக்குமுன் வாவி நிரம்பியபோது அந்த இடம் எத்தனை நாள் மூடிக் கிடந்திருக்கும்! நாங்கள் கரை என்று நினைத்து நட்டது மாரி காலத்து வாவிக்குள்.

இந்தப் பிழையை நாங்கள் மட்டும் செய்யவில்லை. சுனாமிக்குப் பிறகு நாடு முழுக்கக் கண்டல் நட்டார்கள். அதைப் பற்றி 2017 இல் வெளியான ஓர் ஆய்வு 23 இடங்களைப் பார்த்தது. ஒன்பது இடங்களில் ஒரு செடியும் மிஞ்சவில்லை. மொத்தம் 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் சரிவந்தது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்ட பிறகு திரும்பிப் பார்க்காததும் பெரிய காரணங்கள். இரண்டும் என் கணக்கிலும் இருக்கிறது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வாவிக்கரைக்குப் போனேன். நாங்கள் நட்ட இடத்திலிருந்து கொஞ்சம் மேட்டில், பழைய மதகுக்குப் பக்கத்தில், யாரும் நடாமலே கண்ணா முளைத்து நிற்கிறது. வேறொரு சாதிக் கண்ணாவின் இலையை ஒரு பிள்ளை நாக்கில் வைத்துப் பார்த்து "உப்பு!" என்று கத்தினான். அது உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளும் சாதி. (தில்லை மரத்தில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து.) மதகு வழியாகத் தண்ணீர் வந்து போகிறவரைக்கும் விதையும் மிதந்து வந்து தனக்குரிய இடத்தில் தானே ஊன்றிக்கொள்கிறது. அந்த மதகின் ஒரு கண் இப்போது கட்டட இடிசலால் அடைபட்டுக் கிடக்கிறது. கொட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. நம்மில் யாரோ.

வருகிற யூலை 26 க்கு 500 நாற்று நடுவோம், சேர்தான் முன்னுக்கு நிற்கவேண்டும் என்று தம்பிமார் வந்து கேட்டார்கள். இந்த முறை நடவேண்டாம் என்று சொன்னேன். "நடாம எப்பிடி சேர் படம் எடுக்கிற?" என்று ஒரு தம்பி பகிடியாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எனக்கும் உரியதுதான்.

அதனால் என் வேண்டுகோள் இது. அன்று மண்வெட்டியோடு வாருங்கள், மதகின் அடைப்பை எடுப்போம். கரையில் அளவுக் கம்பு நட்டு, தண்ணீர் எங்கே வரைக்கும் ஏறுகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று ஒரு மாரி முழுக்கப் பிள்ளைகள் குறிக்கட்டும். தானாக முளைத்த குருத்துகளை மாடு மிதிக்காமல் ஒரு வேலி போடுவோம். அதற்குப் பிறகும் வெறுமையாக இருக்கிற இடம் இருந்தால், இன்ஷா அல்லாஹ், சரியான உயரத்தில் நடுவோம். தோணி ஓட்டிய, வீச்சுவலை வீசிய பெரியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறீர்கள். பெருவெள்ளத்தில் தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்று அந்தப் பிள்ளைகளுக்கு வந்து காட்டித் தாருங்கள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம்.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு வகுப்பு முன்னாலேயே பதில் சொல்லிவிட்டேன். "எல்லாம் செத்துட்டுது மகள். சேர் பிழையான இடத்துல நட்டுட்டன்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சரியான இடம் எது சேர்?" என்றாள்.

அளவுக் கம்புக்கு முதல் பெயின்ற் அடித்தது அவள்தான்.