செம்மலை அடிவாரத்துக் கடைகள்

சிங்கப்பூருக்குப் போகும் நம் தோட்டத்து மக்கள் பெரும்பாலும் சிராங்கூன் சாலையோடு திரும்பிவிடுகிறார்கள். வீரமாகாளியம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை, தேக்கா சந்தையில் ஒரு சாப்பாடு, முஸ்தபாவில் நாலு பை சாமான். பிறகு ஜொகூர்ப் பாலத்தை நோக்கி ஓட்டம்! அடுத்த முறை போகும்போது அரை நாளை மிச்சம் பிடித்து வையுங்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற வழித்தடத்தில் ஏறினால் ஐந்தாவது நிலையம் ஹார்பர்ஃபிரண்ட். அங்கேயே இறங்கிவிடுங்கள். நீங்கள் நிற்பது புக்கிட் மேரா வட்டாரம்.

'புக்கிட் மேரா' என்றால் செம்மலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலாய்க்காரர்களிடையே இதற்கு ஒரு பழங்கதை உண்டு. முன்னொரு காலத்தில் வாள்மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கரையைத் தாக்கினவாம். அரசன் வீரர்களை வரிசையாக நிறுத்தினான். அவர்களும் குத்துப்பட்டு மாண்டார்கள். ஒரு சிறுவன், "வாழைத்தண்டுகளை வேலியாக நடுங்கள்" என்றான். மீன்களின் அலகு தண்டில் சிக்கிக்கொண்டது, ஊர் பிழைத்தது. "இவ்வளவு புத்தியுள்ளவன் வளர்ந்தால் ஆபத்து" என்று அரசன் அந்தப் பிள்ளையையே கொன்றுவிட்டான். அவன் சிந்திய இரத்தத்தில் மண் சிவந்தது என்பார்கள்.

இந்த வட்டாரத்தில் உங்களை நான் பார்க்கச் சொல்வது கடைகளை. "கடையில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். ரயில் நிலையத்துக்கு மேலேயே விவோசிட்டி என்ற பெரிய வணிக வளாகம். 2006-இல் அது திறந்தபோது உள்ளே பெரும் இடத்தைப் பிடித்திருந்தது ஜயண்ட் பேரங்காடி. இன்று அங்கே தேடினால் ஜயண்ட் இல்லை. 2019-இல் அந்த இடத்துக்கு ஃபேர்பிரைஸ் வந்துவிட்டது. அரிசியும் எண்ணெயும் அங்கேயேதான் கிடைக்கின்றன. வாசலில் உள்ள பெயர்தான் வேறு.

ஜயண்ட் நமக்குத் தெரியாத கடையா? 1944-இல் கோலாலம்பூரின் புறநகர் ஒன்றில் ஒரு சீனக் குடும்பம் தொடங்கிய சாதாரண மளிகைக் கடை அது. பிறகு டெய்ரி ஃபார்ம் என்ற ஹாங்காங் நிறுவனத்தின் கைக்குப் போய், எல்லை தாண்டி வளர்ந்தது. அதே நிறுவனம் 2003-இல் சிங்கப்பூரின் ஷாப் அண்ட் சேவ் கடைகளையும் ஒரு பெல்ஜிய நிறுவனத்திடமிருந்து வாங்கியது. வாங்கிய கடைகளுக்கு நாளடைவில் ஜயண்ட் பலகை ஏறியது. பழைய பெயர் மறைந்தது. வாங்கியவரும் ஒரு நாள் விற்றார். 2023-இல் மலேசியக் கடைகள் மேக்ரோவேல்யூ என்ற மலேசிய நிறுவனத்துக்குப் போயின. 2025 மார்ச்சில் சிங்கப்பூரின் 48 கோல்ட் ஸ்டோரேஜ் கடைகளையும் 41 ஜயண்ட் கடைகளையும் அதே நிறுவனத்துக்கு 12 கோடியே 50 லட்சம் வெள்ளிக்கு விற்பதாக அறிவிப்பு வந்தது. கோல்ட் ஸ்டோரேஜ் 1903-இல் தோன்றிய கடை என்பதை நினைத்துப் பாருங்கள்!

முதலாளிகள் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். நமக்கென்ன என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, என் சின்னம்மா வீட்டுக்குப் போகும் வரையில். அவர் ஜொகூர்த் தோட்டமொன்றில் பால் மரம் சீவியவர். மகனோடு வந்து இந்த வட்டாரத்து அடுக்குமாடியில் குடியேறினார். முழங்கால் வலி. மின்தூக்கியில் இறங்கி, கீழே இருந்த கடையில் ஒரு கிலோ அரிசியும் கொஞ்சம் வெங்காயமும் வாங்கி, கல்லாவில் இருக்கும் பெண்ணோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவது அவருடைய அன்றாட வழக்கம். ஒரு நாள் அந்தக் கடை கைமாறியது. இரும்புக் கதவு இறங்கியது. பல மாதம் மேலே எழவே இல்லை. "பக்கத்து புளோக் வரைக்கும் நடக்க முடியாதாம்மா?" என்று கேட்டேன். "நடந்துடலாம்ப்பா. அரிசியைத் தூக்கிக்கிட்டு எப்படித் திரும்பி வர்றது?" என்றார். மூடிய கடையின் விலை என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இந்தக் கஷ்டம் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே இரண்டு பெரிய கடைத்தொடர்கள் ஒன்றானால், போட்டி செத்துவிடக் கூடாது என்று சில கடைகளை வேறொருவருக்கு விற்கும்படி அரசாங்கம் கட்டளையிடும். 2015-இல் ஆல்பர்ட்சன்ஸும் சேஃப்வேயும் இணைந்தபோது 146 கடைகள் ஹேகன் என்ற சிறிய நிறுவனத்துக்குப் போயின. அதனிடம் அதுவரை இருந்தவை 18 கடைகள்தாம். பானைக்கு மிஞ்சிய அரிசி! அதே ஆண்டு செப்டம்பரில் ஹேகன் திவாலானது. வேலையாட்கள் வேலையை இழந்தார்கள். சில கடைகளைப் பழைய முதலாளியே திரும்ப வாங்கிக்கொண்டார். வேறு சில இடங்களில் இதைவிடக் கொடுமை: கட்டடத்தை விற்பவரே, "இங்கே இத்தனை ஆண்டுக்கு வேறு மளிகைக் கடை வரக் கூடாது" என்று பத்திரத்தில் எழுதி வைத்துவிடுவதுண்டு. தனக்கு வேண்டாத இடம் போட்டியாளனுக்கும் கிடைக்கக் கூடாதாம். அக்கம்பக்கத்துக் கிழவிகள் என்ன செய்வார்கள்?

சிங்கப்பூரில் நிலைமை சற்று வேறு. அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் உள்ள பல பேரங்காடி இடங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கையில் இருக்கின்றன. அவற்றில் கடைக்காரர் வெறும் குடியிருப்பாளர். அவர் போனால் கழகம் மறுபடியும் ஏலக்குத்தகைக்கு விடும். இன்னொரு கடை வரும். சின்னம்மாவின் இரும்புக் கதவும் கடைசியில் திறந்தது. வேறு பலகை, வேறு கல்லாப் பெண். ஆனால் அதே இடத்தில் அதே அரிசி.

விழுந்த கடையிலிருந்து எழுந்தவர்களும் உண்டு. ஷெங் சியோங் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சகோதரர்கள் பன்றிப் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளைகள். அங் மோ கியோவில் பிறருடைய பேரங்காடிக்குள் இறைச்சி விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த நிறுவனம் நொடித்தபோது, 1985-இல் அந்தக் கடையையே எடுத்து நடத்தத் துணிந்தார்கள். இன்று தீவெங்கும் அவர்கள் கடைகள். ஃபேர்பிரைஸின் கதையோ தொழிலாளர்களின் கதை. விலைவாசி ஏறிய 1973-இல் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் 'வெல்கம்' என்ற கூட்டுறவுக் கடையைத் திறந்தது. 1983-இல் அது இன்னொரு தொழிலாளர் கூட்டுறவோடு இணைந்து ஃபேர்பிரைஸ் ஆயிற்று.

இதைப் படிக்கும்போது உங்களில் மூத்தவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே லயத்தில் அடுப்பு எரியாது. அப்போது, 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் தங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய பணம் தோட்டங்களை முழுதாக வாங்கியது. தோட்டமானாலும் மளிகைக் கடையானாலும் கைமாறும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மண் யார் கையில் இருக்கிறது? அதை நம்பி வாழ்பவர்களுக்கு அதில் பங்கு உண்டா?

திரும்புவதற்கு முன் இன்னும் ஓர் இடம். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து ஒரு நிலையம் பின்னால் வந்து, ஊட்ரம் பார்க்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறுங்கள். இரண்டாவது நிலையம் ரெட்ஹில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லெங்கோக் பாரு. அங்கே ஒரு காலத்தில் புக்கிட் மேரா தொழிற்கல்விக் கழகம் இருந்தது. அது 2015-இல் உடற்குறையுள்ளோருக்கான 'எனேபலிங் வில்லேஜ்' ஆக மாறியது. அதனுள் ஒரு பேரங்காடி வைத்தார்கள். சக்கர நாற்காலி தாராளமாகப் போக அகலமான வழி, மங்கிய கண்ணுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி, உதவிக்கு ஆளைக் கூப்பிட ஒரு பொத்தான்.

சின்னம்மாவை அங்கே அழைத்துப் போனேன். பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். ஆள் வந்து நின்றதும் வெட்கப்பட்டுச் சிரித்து, "ஒரு கிலோ அரிசி எங்கே இருக்கு?" என்று கேட்டார்.