குட்டி யானைக்கு எந்த ஆயில்?

ஆயில் மாத்தப் போனா, "சிந்தெடிக் ஊத்துங்க அண்ணாச்சி"ன்னு கடைத் தம்பி சொல்றார். விலை கூட. என் பழைய டீசல் குட்டி யானை, காய்கறி ஏத்திக்கிட்டு நாரணாபுரத்துலேர்ந்து சிவகாசி போற வண்டி.

டப்பாவுல 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40ன்னு போட்டிருக்கும். 'டபிள்யூ'வுக்கு முன்னால இருக்கிறது குளிர்காலக் கணக்கு. அது குறைஞ்சா கடுங்குளிர்லயும் ஆயில் சட்டுனு ஓடும். எங்க கந்தக பூமிக்கு அது எதுக்கு?

சிந்தெடிக் சூடு நல்லாத் தாங்கும், நிஜந்தான். ஆனா டீசல் கரி எந்த ஆயிலையும் கறுப்பாக்கும். இன்ஜினைப் பிரிச்சா ஒரு போக வருமானம் போயிடும். அதனால சாதா 15டபிள்யூ-40ஐயே ஊத்தி, கிலோமீட்டர் தவறாம மாத்துறேன்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிக்காரங்க என்னைப் பின்பற்றாதீங்க. புகை வடிகட்டி இருந்தா, சாம்பல் குறைஞ்ச ஆயில்தான் வேணும். வண்டியோட குடுத்த புத்தகத்தைப் பாத்து ஊத்துங்க.