சரக்கு இல்லாத நாளிலும் சந்தைக்குப் போக வேண்டும்

மார்கழியில் முருங்கைக்காய்க்கு இருக்கும் மரியாதை பங்குனியில் இருப்பதில்லை. அரவக்குறிச்சிப் பக்கத்தில் நாலு ஏக்கர் மர முருங்கை வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு இது முப்பது வருடப் பாடம். பனிக்காலத்தில் காய் குறைவு, விலை அதிகம். வெயில் ஏற ஏறக் காய் கொட்டும், விலை படுத்துவிடும். ஒரு பங்குனியில் பறிகூலியும் வண்டி வாடகையும் போக அவர் கையில் நின்றது பஸ் கட்டணம் மட்டும்தான்.

அந்த வருடம்தான் அவருடைய மகள் இலைத் தூள் தயாரிப்பில் இறங்கினார். பட்டப்படிப்பு முடித்துக் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வந்தார், பிறகு திரும்பிப் போகவில்லை. இலையை உருவி, பழுத்ததையும் புழு கடித்ததையும் நீக்கி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் வலைத் தட்டுகளில் உலர்த்தி அரைத்தார். நேர் வெயிலில் போட்டால் பச்சை நிறம் வெளுக்கும், வைட்டமின் ஏ சத்துக்கான கரோட்டினும் குறையும். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டு நல்ல தூள் எடுத்துவிட்டார்.

தூள் எடுத்தாயிற்று, யாரிடம் விற்பது? மதிப்புக் கூட்டலில் இறங்கும் ஒவ்வொரு விவசாயியும் முட்டி நிற்கும் சுவர் இதுதான். உறவினர்கள் வாங்கினார்கள், ஆளுக்கு நூறு கிராம். பக்கத்து டவுன் கடைக்காரர் ஐந்து பொட்டலம் வாங்கி வைத்தார். அதில் மூன்று அப்படியே திரும்பி வந்தன. நாற்பது கிலோ தூள் மூடிய டப்பாக்களில் வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தது.

பெயர்ப்பலகையை மாற்றினார்

வேலை தேடிய காலத்தில் அவர் லிங்க்ட்இன்னில் ஒரு கணக்குத் தொடங்கியிருந்தார். 2003-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தளம் அது. வேலை, தொழில் தொடர்பான அறிமுகங்களுக்கானது. குடும்பப் படம், சினிமா, அரட்டை எல்லாம் மற்ற தளங்களில் நடக்கும். இங்கே ஒருவர் என்ன தொழில் செய்கிறார், எங்கே செய்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். உணவு நிறுவனங்களின் கொள்முதல் அலுவலர்கள், ஏற்றுமதியாளர்கள், ஆய்வகக்காரர்கள், இயந்திரம் செய்பவர்கள் பலரும் அதில் இருக்கிறார்கள்.

மகளின் பழைய கணக்கில் கல்யாண வீட்டில் எடுத்த படம் இருந்தது. பெயருக்குக் கீழே ‘வேலை தேடுகிறேன்’ என்று இருந்தது. அதைப் பார்த்து முருங்கைத் தூள் கேட்டு யார் வருவார்கள்? உலர்த்தும் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று, முகம் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போட்டார். பெயருக்குக் கீழே ‘சொந்தத் தோட்டத்து முருங்கை இலைத் தூள், கரூர் மாவட்டம்’ என்று எளிய ஆங்கிலத்தில் எழுதினார். ‘தொழில்முனைவோர்’, ‘சாதனையாளர்’ போன்ற பெரிய சொற்களைத் தொடவில்லை. அறிமுகப் பகுதியில் எத்தனை ஏக்கர், மாதம் எவ்வளவு தூள் தர முடியும், எப்படி உலர்த்துகிறார், உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா, ஆய்வக அறிக்கை உண்டா என்று வாங்குபவர் கேட்கும் ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதினார்.

அடுத்த வாரமே நூறு பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினார். ‘எங்களிடம் தரமான முருங்கைத் தூள் கிடைக்கும், விலைக்குத் தொடர்பு கொள்ளவும்.’ இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் ‘வேண்டாம்’ என்றார். இன்னொருவர் தன் தூளை இவரிடம் விற்கப் பார்த்தார்.

மண்டியில் கற்றது

சோர்ந்து உட்கார்ந்திருந்த மகளிடம் அப்பா விவரம் கேட்டார். போன் சங்கதி அவருக்குப் புரியாது. ஆனால் நூறு பேரிடம் போய் நின்றும் ஒருவரும் வாங்கவில்லை என்பது புரிந்தது.

“ஏஞ்சாமி, அந்த நூறு பேருக்கும் உன்னைய முன்னப்பின்னத் தெரியுமா?”

“தெரியாதுங்ப்பா.”

“முகம் தெரியாதவன் மூட்டையோட வந்து நின்னா, மண்டியில எவன் நல்ல விலை போடுவான்? ஒட்டன்சத்திரத்துக்கு நான் சரக்கு இல்லாத நாளும் போவேன். ஒரு டீயக் குடிச்சுப்போட்டு, யாரு என்ன கொண்டாந்திருக்காங்க, எங்க லாரி போவுதுன்னு பேசிட்டு வருவேன். காய் கொண்டு போற அன்னைக்கு, ‘வாங்க’ன்னு கூப்பிட ஆள் இருக்கும்.”

மகள் அன்றிலிருந்து விற்பதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தார். தினமும் இரவு இருபது நிமிடம். முருங்கை, மூலிகை, உலர்த்துதல் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படிப்பார். ‘அருமை’, ‘சூப்பர்’ என்று போட்டுவிட்டுப் போகாமல், தனக்குத் தெரிந்த ஒன்றைச் சேர்த்து எழுதுவார். புதியவரிடம் அறிமுகம் கேட்கும்போது, அவர் எழுதிய எதைப் படித்தேன், ஏன் பழக விரும்புகிறேன் என்று இரண்டு வரி சேர்ப்பார். முதல் செய்தியில் விலை பேசமாட்டார்.

வாரம் ஒருமுறை தோட்டத்திலிருந்து ஒரு பதிவு போட்டார். மழை மேகம் போட்ட நாளில் ஏன் இலை பறிக்கவில்லை என்று ஒன்று. ஒரு தட்டு பழுப்பாகிப் போன படத்தைப் போட்டு, இலையை அடர்த்தியாகப் பரப்பியதுதான் தப்பு என்று இன்னொன்று. பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கூடை இலை தேவைப்பட்டது என்று ஒரு படம். நன்றாக வந்த தூளின் படத்தைவிடப் பழுப்பான தட்டின் படத்துக்குத்தான் அதிகம் பேர் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அன்றைக்கே பதில் போட்டார்.

திண்டுக்கல் மாவட்டத்து மகளிர் குழு ஒன்று உலர்த்தும் இயந்திரம் பற்றிக் கேட்டிருந்தது. அந்தத் தளத்திலேயே பழக்கமான ஒரு இயந்திரக்காரரை அவர்களோடு பேச வைத்தார். அதில் இவருக்கு ஒரு ரூபாய் வரவில்லை. பிறகு அந்தக் குழுவினர் தங்களுக்குத் தெரிந்த ஆய்வகத்தை இவருக்குச் சொன்னார்கள்.

ஒரு சொல்லின் விலை

ஏழாவது மாதம் பெங்களூரிலிருந்து ஒரு கொள்முதல் அலுவலர் எழுதினார். இவருடைய பதிவுகளைத் தொடர்ந்து பார்த்து வந்தவர். 200 கிலோ வேண்டும் என்றார். அதோடு ஒரே ஒரு கேள்வி: ‘இயற்கை விளைபொருள் சான்று இருக்கிறதா?’

அந்த மாதம்தான் கூட்டுறவுச் சங்கக் கடனுக்குக் கெடு. வீட்டில் பேச்சு நடந்தது. பெரியப்பா மகன், “ஆர்கானிக்னு ஒரு வார்த்தை போட்டா என்ன குறைஞ்சு போவுது? இப்ப மருந்து அடிக்கிறதில்லைதானே? எல்லாரும் போடறாங்க” என்றார்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ரெண்டு வருஷம் முந்தி கம்பளிப்புழுவுக்கு மருந்தடிச்சவன் நாந்தானே. மரத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாளைக்கு அந்த மனுசனுக்கும் தெரியும்.”

விதியும் அப்படித்தான் இருக்கிறது. தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின்படி, மர முருங்கை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மாறுதல் காலம் 36 மாதங்கள். அது முடிந்தபின் எடுக்கும் விளைச்சல்தான் முழு இயற்கை விளைபொருள். 2017-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, அந்தத் திட்டத்தின் சான்றோ பங்கேற்பு உத்தரவாத முறைச் சான்றோ இல்லாமல் ஒரு நிறுவனம் பொட்டலத்தில் இயற்கை விளைபொருள் என்று அச்சிட்டு விற்க முடியாது. இவர்கள் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறையில் பதிவு செய்திருந்தார்கள். மாறுதல் காலம் முடியவில்லை.

மகள் உள்ளதை எழுதினார். கடைசியாக மருந்து அடித்த மாதம், பதிவு செய்த தேதி, மீதிக் காலம். பூச்சிமருந்து எச்சம் பற்றிய ஆய்வக அறிக்கையையும் சேர்த்து அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது: ‘தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. எங்களுக்குச் சான்று அவசியம். கிடைத்ததும் தெரிவியுங்கள்.’

200 கிலோ கைவிட்டுப் போனது. அந்த மாதக் கெடுவுக்குப் பட்டியில் இருந்த இரண்டு கிடாய்களை விற்றார்கள். பெரியப்பா மகன் ஒரு வாரம் இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

தூரத்துப் பழக்கம்

நாலு மாதம் கழித்துக் கோவையிலிருந்து ஒருவர் அழைத்தார். சூப் பொடி தயாரிப்பவர். அவருக்கு இயற்கைச் சான்று தேவையில்லை. கிருமியும் மருந்து எச்சமும் இல்லை என்ற ஆய்வக அறிக்கையும், சொன்ன தேதியில் சரக்கும் போதும். ‘உங்கள் பெயரை பெங்களூரில் ஒரு நண்பர் சொன்னார். பொய் சொல்லாத ஆள் என்றார்’ என்றார். வாங்க மறுத்த அதே கொள்முதல் அலுவலர்தான் அந்த நண்பர்.

முதலில் 25 கிலோ. பிறகு மாதாமாதம்.

இப்படி நடப்பது அதிசயமில்லை. மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1973-லேயே இதைப் பற்றி எழுதினார். நெருங்கிய உறவினருக்கும் நண்பருக்கும் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். புதிய செய்தியும் புதிய வாய்ப்பும் அதிகம் வருவது, எப்போதாவது பேசும் தூரத்துப் பழக்கத்தின் வழியாக. லிங்க்ட்இன் தளத்தில் சுமார் இரண்டு கோடிப் பேரின் தொடர்புகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. வேறு வேலைக்கு மாறுவதற்கு, மிக நெருக்கமான பழக்கத்தைவிட ஓரளவு தூரத்துப் பழக்கமே அதிகம் உதவியது என்று அதில் தெரியவந்தது. அது வேலை தேடுவோரைப் பற்றிய ஆய்வு. ஆனால் ஒரே ஊரில் எல்லாரும் முருங்கை வைத்து, எல்லாரும் ஒரே மண்டிக்குப் போகும்போது, வேறொரு வாசல் இருப்பதை ஊருக்கு வெளியே இருப்பவர்தான் சொல்ல முடியும் என்பது விவசாயிக்கும் பொருந்தும்.

அந்தத் தூரத்துப் பழக்கத்தில் பதரும் உண்டு. ஒருநாள் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் ஒரு செய்தி வந்தது. 20 டன் தூள் வேண்டுமாம், அதற்கு முன் பதிவுக் கட்டணமாக 15,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். மகள் அப்பாவிடம் படித்துக் காட்டினார்.

“மரத்தை வேரோட அரைச்சாலும் நம்ம காட்டுல இருபது டன் வருமா? அது தெரியாமயா வாங்க வந்தான்? வாங்குறவன் காசு குடுப்பானா, காசு கேப்பானா?” என்றார் அப்பா. அந்தச் செய்திக்கு மகள் பதில் போடவில்லை. யார் ஆர்டர் கொடுத்தாலும், அந்த நிறுவனத்தின் ஜி.எஸ்.டி எண்ணைச் சரிபார்த்து, ஒருமுறையாவது நேரில் அல்லது வீடியோவில் பேசி, மாதிரிக்கும் பணம் வாங்கிய பிறகே சரக்கு அனுப்புவது இவர்கள் வழக்கமாகிவிட்டது.

மூன்று வருடத்தில் தளத்தில் அறுநூறு பேர் பழக்கம். அவர்களில் தொடர்ந்து வாங்குபவர்கள் ஐந்து பேர்தான். காய் இன்னமும் மண்டிக்குத்தான் போகிறது. பங்குனி விலை இன்னமும் படுக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மாதங்களில் காயை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. வீட்டு மூலையில் டப்பா தேங்குவதில்லை. இயற்கைச் சான்று வந்த அன்றே மகள் பெங்களூருக்கு ஒரு வரி எழுதினார். ‘மாதிரி அனுப்புங்கள்’ என்று பதில் வந்திருக்கிறது.

போன வாரம் இரண்டு நாள் மழை. இலை பறிப்பு இல்லை. ராத்திரி திண்ணையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து அப்பா கேட்டார்: “இன்னைக்குத்தான் சரக்கே இல்லியே, அதுல என்ன சாமி பண்றே?”

“டீ குடிக்க வந்திருக்கேனுங்ப்பா” என்றார் மகள்.